விழுப்புரத்தில் மடிப்பிச்சை

நான் மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது பிச்சை எடுப்பதற்காக. குடிநுழைவு அதிகாரி வந்த காரணத்தைக் கேட்டபோது 'கோயில்' என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுக் காரணத்தையும் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என் கணவருக்குத் தலையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அவர் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அதே பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள் நான். அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மடிப்பிச்சை எடுக்கறேன்னு வேண்டிக்கோ" என்றார். அவர் திண்டிவனத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிக் கப்பலேறியவர். மடிப்பிச்சை என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் தலைகீழாக நடக்கிறேன் என்று வேண்டச் சொல்லியிருந்தாலும் வேண்டியிருப்பேன்.

என் கணவர் பிழைத்தார். அதன் பிறகுதான் மாமியார் விதிமுறைகளைச் சொன்னார். மஞ்சளில் நனைத்த புடவை, செருப்பில்லாத கால், ஒற்றைப்படையாகச் சில வீடுகள். முந்தானையை மடியாக ஏந்தி அரிசி கேட்க வேண்டும், போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அரிசியில் அம்மன் கோயிலில் அமாவாசை அன்று பொங்கல் வைக்க வேண்டும். இவ்வளவுதான். முதுகில் அலகு குத்திக் காவடி எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பெரிய விஷயம் வேறொன்று இருந்தது. நான் ஊர் திரும்பிய பிறகு வரும் திங்கட்கிழமை என் கணவருக்கு அடுத்த ஸ்கேன். கட்டி மறுபடி வந்திருக்கிறதா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். அந்தத் திங்கட்கிழமையைத் தாண்டி என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை. அவர் கோப்பையைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்பேன். பேச்சில் ஒரு சொல் தடுமாறினால் அதையே மறுபடி சொல்லவைப்பேன். நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டு ஞாபகத்தைச் சோதிப்பேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்வார். சரியான பதில்தான், ஆனாலும் மறுநாள் மறுபடி கேட்பேன்.

திண்டிவனத்தில் என்னை அழைத்துப்போக வந்தவள் கோமதி. என் கணவரின் தாய்மாமன் மகள். பேருந்திலிருந்து நான் ஒரு காலைக் கீழே வைப்பதற்குள், "இன்னாக்கா, இப்படி எளைச்சிப் போய்க்கீறே!" என்று கன்னத்தைத் தடவினாள். நான் இளைக்கவில்லை, என் ரவிக்கைகளே அதற்குச் சாட்சி. தூரத்திலிருந்து வருகிறவர்களை இப்படி விசாரிப்பதுதான் இங்கே அன்பு என்று புரிந்துகொண்டு, "ஆமாம், கொஞ்சம்" என்று ஒப்புக்கொண்டேன்.

கோமதி ஒரு மகளிர் குழுவின் தலைவி. எதையும் ஏற்பாடு செய்யாமல் அவளால் மூச்சுவிட முடியாது. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே தொலைபேசியில் ஒருத்திக்குத் தையல் இயந்திரமும் இன்னொருத்திக்கு மாப்பிள்ளையும் ஏற்பாடு செய்தாள். "நீங்கள் பசியாறிவிட்டீர்களா?" என்று நான் எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டதற்கு, ஆட்டோ ஓட்டுநர் உட்பட இரண்டு பேரும் சிரித்தார்கள். சினிமாவில் ராஜா ராணி பேசுவதுபோல் இருக்கிறதாம்.

வீட்டில் இட்லியும் மல்லாட்டைச் சட்னியும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. வறுத்த கடலையில் பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த அந்தச் சட்னிக்காகவே இன்னொரு வேண்டுதல் வைக்கலாம். எங்கள் கேண்டீனில் தேங்காயைத் தவிர வேறெதையும் அரைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். எத்தனை இட்லி என்று நான் எண்ணவில்லை, கோமதியும் எண்ணவிடவில்லை.

மறுநாள் காலை மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, வேப்பிலையைச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினேன். உள்ளூர வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் வீட்டின் முன்னால் நின்று முந்தானையை ஏந்தி, "அம்மா, அங்காளம்மனுக்கு மடிப்பிச்சை" என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு திறந்தது. பட்டுப்புடவையில் ஒரு பெண் வெள்ளித் தட்டோடு நின்றாள். தட்டில் அரிசி, வெற்றிலை பாக்கு, பூ, ரவிக்கைத் துணி.

"வாங்க வாங்க, மலேசியாக்கா! உள்ள வந்து குந்துங்க. காப்பி ஆறிக்கினு கீது."

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் கேசரி. கோமதி முந்தைய நாளே குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு, வீடுகளை வரிசைப்படுத்தி, ஒருவர் கொடுப்பதையே இன்னொருவர் கொடுத்துவிடாமல் பலகாரத்தையும் பிரித்துக் கொடுத்திருந்தாள். கடைசி வீட்டில் எனக்கு ஆரத்தி எடுத்தார்கள். ஒரு பெண் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். நான் பிச்சைக்காரி, அவர்கள் கும்பிட்டது என்னை. வயிறு கேசரியால் நிறைந்து, கை நிறைய ரவிக்கைத் துணியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

"ஒரு கொறையும் இல்லாம முடிச்சிட்டோம் பாருக்கா" என்று கோமதி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அவ்வளவு திருப்தி.

மாமியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஆரத்தி வரைக்கும் கேட்டார். பிறகு வெடித்தார்.

"பிச்சை எடுக்கப் போனியா, சீமந்தத்துக்குப் போனியா? போடறவங்களுக்கு நீ யாருன்னே தெரியக் கூடாதுடி! காப்பி குடிச்சியா? குந்திக் காப்பி குடிச்சியா?"

"அவங்க கொடுத்தாங்க அத்தை. கொடுக்கறதை வாங்கிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அந்த அரிசிய அன்னதானத்துல போடு. தெரியாத ஊர்ல போய் ஒழுங்கா எடு. அந்தக் கோமதிய வீட்டுல கட்டிப் போட்டுட்டுப் போ."

பக்கத்தில் நின்று கேட்ட கோமதியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கோபம்தான், ஆனால் யார்மேல் கோபப்படுவது? அன்று முழுக்க என் மனத்தில் ஒரே கணக்கு ஓடியது. வேண்டுதல் சரியாக நிறைவேறாவிட்டால் திங்கட்கிழமை என்ன ஆகும்? அம்மன் அப்படியெல்லாம் பழிவாங்குகிறவள் இல்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. அறிவு சொல்வதைப் பயம் எங்கே கேட்கிறது.

மூன்றாம் நாள் தனியாக விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினேன். மஞ்சள் புடவையைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து, "குந்துங்கம்மா, மடிப்பிச்சையா?" என்று இடம் கொடுத்தாள். எங்கள் ஊரில் இந்தக் கோலத்தில் ரயிலில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகும். இங்கே பக்கத்து இருக்கைக்காரி தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

நடத்துநர் ஏதோ "பைபாஸ், பைபாஸ்" என்று கத்திக்கொண்டு போனார். அது ஊரின் பெயர் போலும் என்று நான் பேசாமல் இருந்தேன். நெடுஞ்சாலை நடுவில் என்னை இறக்கிவிட்டுப் பேருந்து திருச்சியை நோக்கிப் பறந்துவிட்டது. சுற்றிலும் லாரிகள். காலில் செருப்பில்லை. தார்ச்சாலையில் நின்று நான் ஆடிய ஆட்டத்தை யாராவது படம் எடுத்திருந்தால் சாமி வந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். கிள்ளான் வெயில் வியர்க்க வைக்கும். இந்த வெயில் வறுத்தெடுக்கிறது.

ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. "ஜல்தி ஏறும்மா, போலீஸ் பாத்தா பேஜாரு" என்றார் ஓட்டுநர். ஏற்கெனவே நிறைந்திருந்த ஆட்டோவில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டுக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருமுனையில் இறக்கிவிட்டார்.

யாருக்கும் என்னைத் தெரியாத தெரு. கேட்டதைத்தான் அம்மன் கொடுத்தாள், ஆனாலும் கால் நகர மறுத்தது. முதல் வீட்டில் ஒருவர் இரும்புக் கதவைத் திறக்காமலே, "கேமரா கீது, பாத்துக்க. போன வாரம் இப்படித்தான் கோயில்னு சொல்லிக்கினு வந்து ஒருத்தி குடத்தத் தூக்கிக்கினு போய்ட்டா" என்றார். முகம் தீயாய் எரிந்தது. நான் திருடி இல்லை, கேண்டீன் நடத்துகிறவள், என் கணவர் ஆசிரியர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லக் கூடாது என்பதுதான் விதி. தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தேன். அந்த நிமிடத்தில்தான் நான் உண்மையாகவே பிச்சை எடுக்க ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் வீட்டில் நாய் மட்டும் பதில் சொன்னது. மூன்றாம் வீட்டில் மடிக்கணினியோடு வந்த ஒரு இளம்பெண், "அரிசி ஆன்லைன்ல சொல்லிருக்கேன் ஆன்ட்டி, இன்னும் வரல" என்று வருத்தப்பட்டு, டப்பாவைத் தட்டி அடியில் கிடந்த பாஸ்மதியைப் போட்டாள். பிறகு மளமளவென்று விழுந்தது. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து கைகழுவிவிட்டு வந்து இரண்டு கையாலும் போட்டார். ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை.

ஒற்றைப்படைக்கு இன்னும் ஒரு வீடு குறைந்தது. தெருக்கோடியில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர், தோளில் போர்வை வைத்த பை. என்னைப் பார்த்ததும் பூட்டியதை மறுபடி திறந்தாள்.

"இரும்மா, இரு. முண்டியம்பாக்கம் பஸ்ஸு போனா போவுது, அடுத்தது வரும்."

உள்ளே போய் ஒரு படி அரிசியை அப்படியே கொண்டுவந்து மடியில் கொட்டினாள். கொட்டிவிட்டு நகரவில்லை.

"இன்னா வேண்டுதல் உனக்கு?"

ஆறு மாதமாக நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரிடமும் 'நல்லா இருக்கார், தேறிட்டார்' என்றுதான் சொல்லி வந்தேன். அந்தத் தெருவில், பெயர் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "என் வீட்டுக்காரருக்குத் தலையில கட்டி எடுத்தாங்க. மறுபடி வந்துடுமோன்னு பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் மடியை ஏந்தியிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"எம் பொண்ணு ஆஸ்பத்திரில கீறா. எட்டாம் மாசம். பிரஷர் ஏறிக்கினே போவுதாம். டாக்டருங்க நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. எனக்குத்தான் ராத்திரில தூக்கமே இல்ல. பயம் வந்தா நான் பாத்திரம் தேய்ப்பேன். தேச்சித் தேச்சிப் பால் குண்டான் ஓட்டையாயிடும் போலக்குது."

அழுதுகொண்டே சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

"அமாவாசைக்கு மலையனூர் போவணும்னு நெனச்சேன். வார்ட வுட்டு நவுர முடியல. நீ போறல்ல? எங்க சுகன்யாவுக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"சொல்றேன்" என்றேன். தொலைபேசி எண்ணைக் கேட்கலாம் என்று தோன்றியது. பிச்சைக்கு வந்தவள் எண் கேட்டால் நன்றாகவா இருக்கும்? அவள் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.

நான்காம் நாள் அமாவாசை. சிறப்புப் பேருந்தில் கோமதியும் நானும் மேல்மலையனூருக்குப் போனோம். கோமதி இன்னும் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தாள். செஞ்சி தாண்டும்போது, "நல்லதுன்னு நெனச்சித்தான்க்கா பண்ணேன்" என்றாள். "அந்தக் கேசரிய நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்" என்றேன். உடனே பழைய கோமதியாகி, பேருந்தில் எல்லோரும் எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

ஊரே தலைகளாக இருந்தது. மொட்டைத் தலைகள், மஞ்சள் பூசிய தலைகள், குழந்தையைத் தூக்கிய தோள்கள். மூன்று கல்லை வைத்துக் கோமதி அடுப்பு மூட்டினாள். பொன்னியும் பாஸ்மதியும் ரேஷன் அரிசியும் ஒரே பானையில் வேகும்போது என்ன ஆகும் என்று ஒரு கேண்டீன்காரியாக எனக்குத் தெரியும். ஒன்று குழைந்தது, ஒன்று விறைத்துக்கொண்டு நின்றது, ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. இதைப் பள்ளியில் பரிமாறியிருந்தால் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார். வெல்லம் போட்டதும் எல்லாம் ஒருவழியாகச் சமாதானமாயிற்று. அதில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கோமதியைப் பானைக்குக் காவல் வைத்துவிட்டு நான் வரிசைக்குப் போனேன்.

வரிசை என்பது மரியாதைக்குச் சொல்வது. தடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது என் விண்ணப்பத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். கணவர் பெயர், நட்சத்திரம், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு ஸ்கேன், தலையின் எந்தப் பக்கம் என்பது வரை. அம்மனுக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாதே! எனக்குப் பின்னால் ஒருவர், "எம்மா, கொஞ்சம் நவுந்துக்கினே இரு, குயந்த அய்வுது" என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

திரும்பினால் எதிரே அம்மன். கற்பூர வெளிச்சம், வேப்பிலை வாசம், எலுமிச்சை மாலை. "நகருங்க, நகருங்க" என்று ஒரு கை என் தோளைப் பிடித்தது. கிண்ணத்தை நீட்டிவிட்டுக் கண்ணை மூடினேன். என் வாய், "சுகன்யா. எட்டாம் மாசம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி. ரெண்டு உயிரையும் பார்த்துக்கோ தாயே" என்றது. அவ்வளவுதான். குங்குமத்தையும் புற்றுமண்ணையும் உள்ளங்கையில் வைத்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

வெளியே காற்று வீசியது. உடம்பு லேசாக இருந்தது. வளையல் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கேப்பைக் கூழ் விற்கிற அம்மாவிடம் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். கடித்துக்கொள்ள மோர் மிளகாய், அது கண்ணில் நீர் வரவைத்தது. சுகன்யாவுக்கு ஆணோ பெண்ணோ என்று யோசித்தேன். அடுப்புக்குத் திரும்பி வந்ததும் கோமதி, "மாமாவுக்கு நல்லா வேண்டிக்கினியாக்கா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. நான் என் கணவருக்காக வேண்டிக்கொள்ளவே இல்லை.

இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரோ எத்தனையோ தாண்டி வந்து, வெயிலில் வெந்து, திருடி என்று பெயர் வாங்கி, அம்மன் முன்னால் நின்று, அவர் பெயரைச் சொல்லவில்லை. "மறுபடியும் போறேன்" என்று கிளம்பப் பார்த்தேன். வரிசை இப்போது கோயிலைச் சுற்றிப் போய்க் கடைத்தெருவில் முடிந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவரே தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன, சாமி பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. ஆனா உங்களைப் பத்திக் கேக்க மறந்துட்டேன்."

"என்னையா மறந்த?"

"ஆமாங்க. விழுப்புரத்துல ஒரு பொண்ணுக்குப் பிரசவம். அவங்க அம்மா சொல்லச் சொன்னாங்க. அதை மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். வெளிய வந்து கூழெல்லாம் குடிச்சேன். கோமதி கேக்கற வரைக்கும் உங்க நெனப்பே வரல."

"நிஜமாவா? முழுசா மறந்துட்டியா?"

"முழுசா."

"அப்பாடா!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! பக்கத்தில் கோமதிக்குக்கூடக் கேட்டது.

"ஏங்க சிரிக்கறீங்க? எனக்கு இங்க உயிரே போகுது."

"ஆறு மாசமா என்னைப் பாத்துக்கிட்டே இருக்க. நான் தும்முனாக்கூட உன் முகம் மாறுது. உன் முகத்தைப் பாத்துத்தான் எனக்கு ரொம்பப் பயம் வரும், தெரியுமா? கொஞ்ச நேரமாவது என்னை மறந்து கூழ் குடிச்ச பாரு, அதுவே எனக்குப் போதும்."

அவர் குரல் தாழ்ந்தது.

"திங்கட்கிழமைய நெனச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்கிட்டச் சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல."

"எனக்கும் பயமா இருக்கு" என்றேன். "நானும் அதனாலதான் சொல்லல."

தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். பம்பைச் சத்தமும் குழந்தைகள் அழும் சத்தமும் என் பக்கத்திலிருந்து அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆறு மாதத்துக்குப் பிறகு என் கணவரோடு பேசுகிறேன் என்று இருந்தது.

"நான் போய் மறுபடி வரிசையில நிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்."

கோமதி வாழையிலையில் பொங்கலை வைத்து நீட்டினாள். நான் வரிசையைப் பார்த்தேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.